செக்கு எண்ணெய்க் கடைக்கு வெப்சைட்: 12,000 ரூபாய் தம்பியா, 65,000 ரூபாய் கம்பெனியா, நானே செய்துகொள்வதா?

செக்கடி எழுதியது:

வணக்கம். வெள்ளகோவில் பக்கம் மரச்செக்கு வைத்திருக்கிறோம். அப்பா 2016-இல் ஒரே ஒரு வாகைமரச் செக்கோடு ஆரம்பித்தது, இப்போது இரண்டு ஓடுகிறது. கடலை, எள், தேங்காய், இந்த மூன்று எண்ணெய்தான். பாதி வியாபாரம் கடையில், மீதி வாட்ஸ்அப்பில். மாதம் முப்பது பார்சல் வெளியூர் போகிறது. சென்னை, கோவை, பெங்களூரில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள், அவர்கள் சொல்லி அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரர்கள்.

தலைவலி என்னவென்றால் கடலைப் பருப்பு விலை ஏறி இறங்கும்போதெல்லாம் எங்கள் விலையும் மாறும், உடனே "இன்றைக்கு லிட்டர் என்ன விலை" என்று நாற்பது பேர் கேட்பார்கள், வீட்டுக்காரம்மா உட்கார்ந்து நாற்பது பேருக்கும் ஒரே பதிலைத் தட்டிக்கொண்டிருப்பார். அப்புறம் முகவரி கேட்பது, பணம் வந்ததா என்று பார்ப்பது, கூரியர் நம்பரைப் போட்டோ எடுத்து அனுப்புவது. இதற்காகத்தான் வெப்சைட் போடலாம் என்று இறங்கினேன், இறங்கியபின் குழப்பம்தான் மிச்சம்.

திருப்பூரில் ஒரு தம்பி 12,000 ரூபாய்க்கு எல்லாம் சேர்த்துச் செய்து தருகிறேன், டொமைனும் (வெப்சைட்டின் முகவரிப் பெயர்) ஹோஸ்டிங்கும் (வெப்சைட்டை வைக்கும் இணைய இடம்) முதல் வருடம் இலவசம் என்கிறார். கோவையில் ஒரு கம்பெனி 65,000 ரூபாய், அதுபோக வருடத்துக்கு 15,000 பராமரிப்பு, எஸ்இஓ செய்து கூகுளில் முதல் பக்கத்தில் கொண்டுவந்துவிடுவோம் என்கிறது. சித்தப்பா பையன் பெங்களூரில் ஐடியில் இருக்கிறான், அவன் "இதுக்கெல்லாம் எதுக்கண்ணா ஆளு, ஷாப்பிஃபைல மாசம் ரெண்டாயிரம் கட்டிட்டு நீயே பண்ணிக்கோ" என்கிறான், அது மாத வாடகைக்கு ஆயத்தமாக இணையக் கடை கொடுக்கும் சேவையாம். யூட்யூபில் பார்த்தால் வெப்சைட் செய்ய உதவும் வேர்ட்பிரஸ் இலவசம், ஒரே நாளில் கடை திறக்கலாம் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள்.

எனக்கு டேலி தெரியும், எக்ஸெல் தெரியும், கோடிங் தெரியாது. பட்ஜெட் அதிகபட்சம் 30,000. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கம்பிவலை எழுதியது:

நான் இதே வேலை செய்கிறவன், கோவைதான், அதனால் நான் சொல்வதில் கொஞ்சம் சொந்தச் சாய்வு இருக்கும், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒன்று தெளிவாகட்டும். வேர்ட்பிரஸ் 2003-இலிருந்து இலவச மென்பொருள், அதன்மேல் கடை போட உதவும் வூகாமர்ஸும் இலவசம். ஆக 12,000 ஆனாலும் 65,000 ஆனாலும் நீங்கள் கொடுப்பது ஆளுடைய நேரத்துக்கும் புத்திக்கும்தான். "வேர்ட்பிரஸ் லைசென்ஸ்" என்று தனியாக 8,000 ரூபாய் போட்டிருந்த கொட்டேஷனை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். எஸ்எஸ்எல் சான்றிதழுக்கு, அதுதான் சில பிரவுசர்களில் முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் வருமே, அதற்கு 3,000 என்று போடுவதும் வழக்கம். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதைப் பல வருடமாக இலவசமாகவே கொடுக்கிறது, பெரும்பாலான ஹோஸ்டிங்கில் ஒரு பட்டனைத் தட்டினால் வந்துவிடும்.

12,000 என்றால் அந்தத் தம்பி ஏற்கெனவே செய்த ஒரு கடையை நகல் எடுத்து, உங்கள் பெயர், நிறம், படம், விலை போட்டுத் தருவார். இரண்டு மூன்று நாள் வேலை. அதில் தப்பே இல்லை, உங்களிடம் இருப்பது மூன்று எண்ணெய், அரை லிட்டர், ஒரு லிட்டர், ஐந்து லிட்டர் என்று வைத்தாலும் ஒன்பது பொருள்தான். நான் பயப்படுவது வேறு இடத்தில். இந்த விலைக்குச் செய்கிறவர்களில் சிலர் காசு கொடுத்து வாங்கவேண்டிய தீம் (வெப்சைட்டின் தோற்றம்), பிளகின் (கூடுதல் வசதி சேர்க்கும் மென்பொருள்) எல்லாவற்றையும் பூட்டு உடைத்த நகலாக எங்கிருந்தாவது இறக்கிப் போட்டுவிடுவார்கள். ஆறு மாதம் நன்றாக ஓடும், அப்புறம் ஒருநாள் உங்கள் எண்ணெய்க் கடையைத் திறந்தால் ஜப்பானிய மொழியில் கைப்பை விற்றுக்கொண்டிருக்கும். சிரிக்காதீர்கள், போன வருடம் மட்டும் இப்படி நான்கு சைட்டைக் கழுவிக் கொடுத்திருக்கிறேன். "தீம், பிளகின் எல்லாம் எங்கே வாங்கினது, பில் காட்டுங்க தம்பி" என்று கேளுங்கள். இலவசத் தீமே போதும், அதைப் போட்டால் பில்லே வேண்டாம்.

"முதல் வருடம் இலவசம்" என்பதையும் விரித்துக் கேளுங்கள். ஹோஸ்டிங் கம்பெனிகள் முதல் தடவை ஆசை காட்டும் விலையில் கொடுக்கும், புதுப்பிக்கும்போது இரண்டு மூன்று மடங்கு ஆகும். இரண்டாம் வருடம் எவ்வளவு, அதை யார் கட்டுவது, யாருடைய பெயரில், இதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் பக்கம் என்று சொல்லும் கம்பெனியைப் பற்றி: முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. உங்கள் கடைப் பெயரை அப்படியே தட்டித் தேடினால் முதலில் வரத்தான் செய்யும், அதைக் காட்டித்தான் காசு வாங்குவார்கள்.

விலை மாற்றுவது பெரிய விஷயம் இல்லை. வூகாமர்ஸுக்கு மொபைல் ஆப் இருக்கிறது, அக்கா சமையலறையில் நின்றபடியே மாற்றலாம்.

சென்னிமலைப் போர்வை எழுதியது:

கம்பிவலை அண்ணன் "யாருடைய பெயரில்" என்று ஒரு வார்த்தையில் போய்விட்டார். நான் அந்த ஒரு வார்த்தைக்குப் பலியானவன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

சென்னிமலையில் போர்வை, பெட்ஷீட், துண்டு. 2018-இல் தெரிந்த ஒருவர் மூலமாக ஒரு பையன் வந்தான், நல்ல பையன்தான், 9,000 ரூபாயில் வெப்சைட் செய்து கொடுத்தான், டாட் காம் பெயர் அழகாக எங்கள் கடைப் பெயரிலேயே கிடைத்தது. நாங்களும் விசிட்டிங் கார்டு, பில் புக், கட்டைப்பை ஐயாயிரம் என்று எல்லாவற்றிலும் அந்தப் பெயரை அச்சடித்துவிட்டோம். வருடா வருடம் அவனுக்கு ஜிபேயில் 3,500 அனுப்புவேன். எங்கே கட்டுகிறான், எந்தக் கணக்கு, ஒன்றும் கேட்டதில்லை. மூன்றாவது வருடம் அவன் வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டான், இந்திய நம்பர் அணைந்துவிட்டது. ஒருநாள் வெப்சைட் வரவில்லை. ஹோஸ்டிங் கம்பெனிக்குப் போன் செய்தால் "கணக்கு வைத்திருப்பவர் பேசினால்தான் சார் எதுவும் சொல்ல முடியும்" என்றார்கள். அவர்கள் சொன்னதில் குற்றம் சொல்லவும் முடியாது, அவர்கள் ஏட்டில் முதலாளி அவன்தானே, நான் யாரோ.

டாட் காம் பெயர் காலாவதியானால் உடனே போய்விடாது. பதிவு செய்த கம்பெனி கொஞ்ச நாள் சலுகை கொடுக்கும், அதற்கப்புறம் 30 நாள் மீட்புக் காலம், அதில் பெரிய தொகை கட்டி மீட்கலாம், அதுவும் போனால் ஐந்து நாளில் சந்தைக்கு வந்துவிடும். இந்தக் கணக்கெல்லாம் எனக்கு எல்லாம் முடிந்தபிறகுதான் தெரிந்தது. மீட்பதற்கும் அவன் கணக்குதான் வேண்டும். சந்தைக்கு வந்த அன்றைக்கே யாரோ எடுத்துவிட்டார்கள். இன்றைக்கு அந்த முகவரியைத் தட்டினால் சூதாட்ட விளம்பரம் வரும். கட்டைப்பையில் இன்னும் ஆயிரத்துச் சொச்சம் குடோனில் கிடக்கிறது, முகவரிமேல் ஸ்டிக்கர் ஒட்டித்தான் தீர்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே டொமைனை நீங்களே வாங்குங்கள். ஆயிரம் ரூபாயை ஒட்டித்தான் வரும், பத்து நிமிட வேலை, ஜவுளிக்கடையில் துண்டு வாங்குவதைவிடச் சுலபம். உங்கள் ஈமெயில், உங்கள் போன் நம்பர், உங்கள் கார்டு. வெப்சைட் செய்பவருக்கு டொமைன் கணக்கின் பாஸ்வேர்டைக்கூடக் கொடுக்கவேண்டாம், டொமைனை ஹோஸ்டிங்கோடு இணைக்க நேம் சர்வர் என்று இரண்டு வரி கொடுப்பார், நீங்களே உள்ளே போய் ஒட்டிவிடலாம். கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்வதும் அதேபோல உங்கள் ஜிமெயிலில். நிலப்பத்திரத்தை மேஸ்திரி பெயரிலா போடுவோம்?

பாக்கெட் மசாலா எழுதியது:

ஷாப்பிஃபையில் மூன்று வருடமாகக் கடை வைத்திருக்கிறேன், சென்னையிலிருந்து சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி. எனக்குப் பிடித்திருக்கிறது. சர்வர் விழுந்தது, ஹேக் ஆனது என்று ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லை, நானே செய்தேன், இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதுமாக இருந்தது. ஆனாலும் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன், காரணம் கணக்கு.

மாதம் இரண்டாயிரத்துக்குப் பக்கத்தில் வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷாப்பிஃபையின் சொந்தப் பணம் வாங்கும் வசதி இந்தியாவில் இல்லை, அதனால் வெளி கேட்வே, அதாவது ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை, வைக்கவேண்டும், அப்படி வைத்தால் அடிப்படைத் திட்டத்தில் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஷாப்பிஃபைக்கு 2 சதவீதம். கேட்வேக்காரருக்குப் பொதுவாக இன்னொரு 2 சதவீதம், அந்தக் கட்டணத்தின்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆயிரம் ரூபாய் ஆர்டருக்குக் கேட்வே 23 ரூபாய் 60 காசு, ஷாப்பிஃபை 20, முப்பது ஆர்டர் என்றால் வாடகையின் பங்கு ஓர் ஆர்டருக்கு 66 ரூபாய் சொச்சம். மொத்தம் 110 ரூபாய், பார்சல் கூலி இன்னும் வரவே இல்லை. செக்கு எண்ணெயில் ஆயிரத்துக்கு என்ன நிற்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும். எனக்கு மாதம் முந்நூறு ஆர்டர் போகிறது, வாடகையின் பங்கு ஏழு ரூபாய்கூட வராது, பொடியில் நிற்கிற காசும் வேறு. அதனால் தாங்குகிறது.

யுபிஐக்கு 2020 ஜனவரியிலிருந்து எம்டிஆர், அதாவது வியாபாரியிடம் பிடிக்கும் கட்டணம், கிடையாது என்பார்கள், உண்மைதான், ஆனால் கேட்வே வழியாகப் போகும்போது அவர்கள் தங்கள் கட்டணம் என்று ஏதாவது போடுகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது வாட்ஸ்அப்பில் நேராக உங்கள் யுபிஐக்கு வருகிறதே, அதற்கு ஒரு பைசா போவதில்லை, அதை இழக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்று, இதை எந்தக் கொட்டேஷனிலும் எழுதமாட்டார்கள்: ஷிப்பிங். பொடிக்குக் கவலை இல்லை, எண்ணெய்க்கு இதுதான் உயிர்நாடி. ஒரு லிட்டர் எண்ணெய் 910 கிராம்தானே, ஒரு கிலோவுக்குள் வந்துவிடும் என்று நினைப்பீர்கள். பாட்டில், சுற்றும் பபிள் தாள், அட்டைப்பெட்டி எல்லாம் சேர்ந்தால் ஒரு கிலோவைத் தாண்டி அடுத்த கட்டணத்துக்குப் போய்விடும். ஆனால் இரண்டு லிட்டர் சேர்த்து அனுப்பினால் கூலி இரண்டு மடங்கு ஆகாது. தனியார் கூரியர்கள் பலர் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, அது நிஜ எடையைவிட அதிகமாக இருந்தால் அதற்குத்தான் காசு போடுவார்கள், பெட்டியைச் சும்மா பெரிதாக எடுக்காதீர்கள். தமிழ்நாட்டுக்குள் ஒரு விலை, கர்நாடகாவுக்கு ஒரு விலை, எடைக்கு ஏற்ப ஏறுவது, இத்தனை ரூபாய்க்குமேல் இலவசம், இதை ஒழுங்காகப் போடத் தெரிந்தவரிடம் வேலையைக் கொடுங்கள். இதைக் கேட்டவுடன் முழிக்கிறாரா, பதில் சொல்கிறாரா என்று பாருங்கள். எனக்கு முதல் இரண்டு மாதம் ஒவ்வொரு பார்சலுக்கும் கையை விட்டு 30, 40 போயிற்று.

மளிகை மாமா எழுதியது:

தம்பி, எல்லோரும் எதில் செய்வது என்று சண்டை போடுகிறார்கள், எதற்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. உன் கஷ்டம் விலை கேட்டு வரும் நாற்பது மெசேஜ். அதற்கு வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் கேட்லாக் இருக்கிறது, இலவசம், ஒன்பது பொருளைப் படத்தோடு விலையோடு போட்டுவிடு, காலையில் விலை மாறினால் மாற்றிவிடு. விலை என்று தட்டினால் உடனே வரும்படி குறும்பதில் ஒன்று வைத்துக்கொள். முப்பது பார்சலுக்கு வெப்சைட் என்பது, முப்பது பேர் சாப்பிடக் கல்யாண மண்டபம் பிடிப்பது மாதிரி.

உன் வாடிக்கையாளர் யார்? நம் ஊர்க்காரர்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். அவர்களுக்கு "அக்கா, போன தடவை மாதிரியே ரெண்டு கடலை, ஒரு நல்லெண்ணெய்" என்று குரல் பதிவு அனுப்புவதுதான் சுலபம். கார்ட்டில் போடு, ஓடிபி தட்டு என்றால் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள்.

செக்கடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை.

மாமா சொல்வது நியாயம்தான், கேட்லாக் இன்றைக்கே போட்டுவிட்டேன். ஆனால் மாமா, தெரிந்தவர்கள் வட்டம் நின்றுவிட்டது, இரண்டு வருடமாக அதே முப்பதுதான். கூகுளில் மரச்செக்கு எண்ணெய் என்று தேடுகிற புது ஆளுக்கு நாங்கள் இருப்பதே தெரியாது. இன்ஸ்டாவில் செக்கு ஓடும் வீடியோ போட்டால் "எங்கே வாங்குவது" என்று கேட்கிறார்கள், போன் நம்பர் கொடுத்தால் பாதிப் பேர் போன் செய்வதில்லை. கூகுளிலேயே இலவசமாக ஒரு பக்கம் போட்டுத் தருவார்களே, அது போதுமா?

கம்பிவலை எழுதியது:

அந்த இலவசப் பக்கத்தைத்தான் கூகுள் 2024 மார்ச்சில் மூடிவிட்டது. கூகுள் பிசினஸ் பதிவோடு கிடைத்த வெப்சைட்டுகள் எல்லாம் அணைந்துபோயின, கொஞ்ச நாள் மேப் பதிவுக்குத் திருப்பிவிட்டார்கள், அதையும் நிறுத்தினார்கள். அதில் மட்டுமே கடை வைத்திருந்த ஒரு பேக்கரிக்காரர் எனக்குப் போன் செய்து "என் கடை எங்கே தம்பி போச்சு" என்றார், மறக்கமாட்டேன். மேப் பதிவு இருக்கிறது, இலவசம்தான், அதைக் கட்டாயம் செய்யுங்கள், செக்கு, உரல், கடை முகப்பு என்று இருபது படம் ஏற்றுங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் போகிறவர்கள் தேடினால் அதுதான் முதலில் வரும்.

இதனால்தான் நான் வாடகை வீட்டுக்கும் சொந்த வீட்டுக்கும் நடுவில் ஒன்று சொல்வேன். டொமைன் சொந்தமாக இருந்தால் உள்ளே ஷாப்பிஃபை வைத்தாலும் வேர்ட்பிரஸ் வைத்தாலும் நாளை மாற்றிக்கொள்ளலாம், வாடிக்கையாளருக்கு முகவரி மாறாது. பாக்கெட் மசாலா சொன்ன கணக்கையும் பார்த்தால் உங்களுக்கு வூகாமர்ஸ், முதல் ஆறு மாதம் கேட்வே இல்லாமல். ஆர்டர் பட்டனைத் தட்டினால் என்ன வேண்டும், எத்தனை லிட்டர், முகவரி எல்லாம் நிரம்பிய வாட்ஸ்அப் மெசேஜாக அக்காவுக்கு வரும்படி வைக்கலாம், பணம் பழையபடி யுபிஐயில். மாமாவின் கல்யாண மண்டபமும் இல்லை, தெரியாத ஆளும் வந்து விலை பார்த்துவிட்டுப் போகலாம்.

குமாஸ்தா எழுதியது:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும், வரி ஆலோசகர் அலுவலகத்தில் வேலை. பெங்களூருக்குப் பார்சல் போகிறது என்று மிகச் சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள், ஜிஎஸ்டி எண் இருக்கிறதா? வருட விற்பனை 40 லட்சத்துக்குள் இருந்தால் வேண்டாம் என்பது மாநிலத்துக்குள் சரக்கு விற்பவருக்கு. வரி உள்ள சரக்கை அடுத்த மாநிலத்துக்கு ஒரு பாட்டில் விற்றாலும், ஜிஎஸ்டி சட்டம் 24-ஆவது பிரிவுப்படி பதிவு கட்டாயம், வரம்பெல்லாம் கிடையாது. சமையல் எண்ணெய் 5 சதவீதம். வாட்ஸ்அப்பில் போகும்வரை யாரும் பார்ப்பதில்லை, வெப்சைட்டில் "இந்தியா முழுவதும் டெலிவரி" என்று போட்டால் நீங்களே போர்டு வைத்த மாதிரி.

அப்புறம், இணையத்தில் விற்றால் பொருள் பக்கத்திலேயே தயாரிப்பவர் பெயர் முகவரி, நிகர அளவு, எம்ஆர்பி, புகார் தொடர்பு எல்லாம் தெரியவேண்டும், எடையளவுச் சட்டத்தின் பொட்டலப் பொருள் விதிகளில் 2018-இலிருந்து இது இருக்கிறது. 2020-இல் வந்த மின்வணிக விதிகளில் குறை கேட்கும் அலுவலர் ஒருவர் பெயரும் போடவேண்டும், உங்கள் கடையில் அது அக்காவாகத்தான் இருக்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க எண்ணையும் போடுங்கள். பின்னாளில் கேட்வே வாங்கும்போது ரீஃபண்ட் கொள்கை, தனியுரிமைக் கொள்கை, விதிமுறைகள், தொடர்பு, இந்தப் பக்கங்கள் இல்லாவிட்டால் விண்ணப்பத்தைத் திருப்பிவிடுவார்கள். உடைந்து வந்த பாட்டிலுக்கு என்ன செய்வீர்கள் என்பதை இப்போதே முடிவு செய்து எழுதிவிடுங்கள், வேறு கடையிலிருந்து நகல் எடுத்து ஒட்டாதீர்கள். ஒருவர் ஒட்டினார், அவருடைய முறுக்குக் கடையில் "சைஸ் சரியில்லை என்றால் 7 நாளில் மாற்றிக்கொள்ளலாம்" என்று இருந்தது.

கொலஸ்ட்ரால் குறையும், சர்க்கரை நோய் போகும் என்றெல்லாம் மட்டும் எழுதவே வேண்டாம். நோயைக் குணமாக்கும் என்று உணவுப் பொருளுக்கு விளம்பரம் செய்யக்கூடாது.

எழுத்துரு எழுதியது:

சின்ன விஷயம். தமிழில் போடுவதாக இருந்தால் யூனிகோடில், அதாவது எல்லாக் கணினியும் போனும் எழுத்தாகவே படிக்கும் முறையில், போடச் சொல்லுங்கள். அச்சுக்கடையில் பழகியவர்கள் பாமினி எழுத்துருவில் தட்டி, அதைப் படமாக மாற்றி வெப்சைட்டில் ஒட்டிவிடுவார்கள். பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் கூகுளுக்கு அது வெறும் படம், "செக்கு நல்லெண்ணெய்" என்று தேடினால் அகப்படாது. நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, முக்தா மலர் போன்ற யூனிகோடு எழுத்துருக்கள் எல்லாம் இலவசம். வெப்சைட்டைத் திறந்து ஒரு வரியை விரலால் அழுத்திப் பாருங்கள், எழுத்து தேர்வாகிறதா என்று, ஆகவில்லை என்றால் படம்.

"நல்லெண்ணெய்" என்று மட்டும் போடாமல் ஒரு வரி ஆங்கிலத்திலும் போடுங்கள், பெங்களூர்ப் பக்கத்து வீட்டுக்காரர் தமிழில் தேடமாட்டார். டாட் இந்தியா என்று முழுத் தமிழ் முகவரியும் கிடைக்கிறது, ஆசையாக இருக்கும், ஆனால் போனில் சொல்லி எழுதவைப்பது கஷ்டம், இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம்.

செக்கடி எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன், இதற்குள் நடந்ததைச் சொல்லவேண்டும்.

ஜிஎஸ்டி எண் இருக்கிறது, அப்பா 2017-இலேயே எடுத்துவிட்டார். ஆனால் குமாஸ்தா சார் எழுதியதைப் பார்த்துவிட்டு பில்லை எல்லாம் புரட்டினால், பெங்களூர் பார்சலுக்கும் மாநிலத்துக்குள் விற்பதுபோல சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பாதிப் பாதியாகப் போட்டு வைத்திருக்கிறோம், வெளிமாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டி வரவேண்டிய இடத்தில். டேலி தெரியும் என்று மேலே பெருமையாக எழுதியவன் நான்தான். ஆடிட்டரிடம் போய் நின்றேன், திட்டிவிட்டு சரிசெய்யலாம் என்றார்.

டொமைன் வாங்கிவிட்டேன், டாட் இன், அப்பா பெயரில், இரண்டு வருடத்துக்கு. நினைத்த பெயரை யாரோ ஏற்கெனவே வைத்திருந்தார்கள், அதனால் ஊர்ப் பெயரைப் பின்னால் சேர்த்துக்கொண்டோம். ஹோஸ்டிங்கும் என் கார்டில்.

கோவை கம்பெனியிடம் முதல் பக்கம் வரவில்லை என்றால் காசு திரும்பத் தருவீர்களா என்று கேட்டேன், மேனேஜர் பேசுவார் என்றார்கள், இன்னும் பேசவில்லை. திருப்பூர் தம்பியிடம் எல்லாக் கேள்வியும் கேட்டேன். டொமைன் என் பெயரில் என்றவுடன் "உங்களுக்கு எதுக்குங்கண்ணா அந்தத் தலைவலி, என்கிட்டயே இருக்கட்டும்" என்றார். சென்னிமலை அண்ணனின் கட்டைப்பைக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் "எனக்கும் நாற்பது பேரோட ரினீவல் தேதிய ஞாபகம் வச்சுக்கறது கஷ்டம்தாங்கண்ணா" என்று ஒத்துக்கொண்டார். தீம் இலவசத் தீம்தான் போடுகிறேன் என்றார். ஷிப்பிங்கைக் கேட்டவுடன் மட்டும் முழித்தார், ஆனால் இரண்டு நாளில் படித்துவிட்டு வந்து எடைப் பட்டியல் போட்டுக் காட்டினார், அது எனக்குப் பிடித்திருந்தது.

டொமைன், ஹோஸ்டிங் இல்லாமல் 16,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். வாட்ஸ்அப்பில் ஆர்டர் வரும் முறைதான், கேட்வே அப்புறம். 5,000 முன்பணம், வேலை முடிந்ததும் 6,000. கடைசி 5,000 எப்போது என்றால், வீட்டுக்காரம்மா யாரிடமும் கேட்காமல் ஒரு வாரம் தானாகவே விலையை மாற்றிக் காட்டியபின்புதான். இந்த நிபந்தனையை வீட்டுக்காரம்மாவே போட்டார், நான் போடவில்லை.

இப்போது மாட்டிக்கொண்டிருப்பது படத்தில். போனில் எடுத்தால் நல்லெண்ணெய் டீசல் மாதிரி கறுப்பாக வருகிறது, கடலை எண்ணெய் தண்ணீர் மாதிரி தெரிகிறது.

பாக்கெட் மசாலா எழுதியது:

ஃபிளாஷ் போடாதீர்கள். காலை எட்டு மணிக்கு வாசல் திண்ணையில் பாட்டிலை வைத்து, வெயில் நேராகப் படாமல், வெளிச்சம் பாட்டிலுக்குப் பின்பக்கம் சாய்வாக வரும்படி வையுங்கள், பின்னால் ஒரு வெள்ளைச் சார்ட் தாள். எண்ணெய்க்குள் வெளிச்சம் புகுந்தால் நிறம் தானாக வரும். ஏற்றுமுன் படத்தைச் சுருக்குங்கள், போன் படம் ஒவ்வொன்றும் நாலைந்து எம்பி இருக்கும், அப்படியே போட்டால் கிராமத்து டவரில் பக்கம் திறப்பதற்குள் ஆள் போய்விடுவார். 150, 200 கேபி போதும்.

செக்கடி எழுதியது:

நாளைக்கு எள் ஆட்டுகிற நாள், செக்கில் கருப்பட்டி போடும்போது வீடியோவும் எடுத்துவிடுகிறேன். மாமா, அந்தக் குறும்பதில் வேலை செய்கிறது, நேற்று பதினோரு பேர்தான் விலை கேட்டார்கள்.